முன்பக்கத்தைத் தூக்கப் போகிறவர்களுக்கு ஒரு மடல்

ஒன்ராறியோவில் பிக்கப் றக் ஓட்டும் தம்பி, தங்கைமாருக்கு,

கூரை வேலை, கொங்கிரீற் வேலை, தோட்டப் பராமரிப்பு, பனி வாரல் என்று சொந்தத் தொழில் தொடங்கி, அதற்காகவே ஓர் எஃப்-150ஐயோ சில்வராடோவையோ ராமையோ வாங்கியிருக்கிற உங்களை நான் நாளாந்தம் காண்கிறேன். ஸ்காபரோவில் வாகனம் திருத்துவது என் தொழில். குளிர் முடிந்து தெருவின் உப்புக் கரைந்ததும் உங்களில் பலர் வந்து கேட்பது இதுதான்: "அண்ணை, முன்னுக்குக் கொஞ்சம் பதிஞ்சு கிடக்கு. லெவலிங் கிட் ஒண்டு போட்டுவிடுவமோ?"

முன்பக்கத்தை உயர்த்தி றக்கை மட்டமாக்கும் சாமானைத்தான் கேட்கிறீர்கள். கராஜ் வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை அதற்கு. போட்டவர்கள் பலர் பாதி வேலையோடு விட்டுவிட்டதையும் பார்க்கிறேன். அதனால்தான் இருந்து எழுதுகிறேன்.

அந்தத் தாழ்வு ஏன் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். வெறுமையாக நிற்கும் பிக்கப்பின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஓர் அங்குலம் முதல் இரண்டரை அங்குலம் வரை உயர்ந்திருக்கும். தொழிற்சாலையே வேண்டுமென்று அப்படி அனுப்புகிறது. பெட்டியில் பாரம் ஏறப் பின் ஸ்பிறிங் அமரும். றக் மட்டத்துக்கு வரும். கூரை ஷிங்கிள் ஒரு கட்டு ஏறத்தாழ 70 இறாத்தல். இருபது கட்டு ஏற்றினால் 1,400 இறாத்தல். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் நிலையில் ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளைப் பாருங்கள். பல அரைத் தொன் றக்குகளில் அதில் எழுதியிருக்கும் பார எல்லையின் பெரும்பங்கை அந்த இருபது கட்டே தின்றுவிடும். ரெயிலர் இழுக்கிறவர்களுக்கும் இதே கதைதான். ரெயிலரின் மொத்த நிறையில் 10 முதல் 15 வீதம் வரை கொக்கியில் இறங்க வேண்டும் என்பது பொது விதி. 7,000 இறாத்தல் ரெயிலர் என்றால் 700 முதல் 1,050 இறாத்தல் வரை உங்கள் றக்கின் கொக்கியில் தொங்குகிறது. அதைத் தாங்கி அமர்வதற்கு விட்ட இடத்தைத்தான் "முன்னுக்குப் பதிஞ்சு கிடக்கு" என்கிறீர்கள்.

முன்னுக்கு இரண்டு அங்குலம் தூக்கிய றக்கில் அதே ஷிங்கிளை ஏற்றினால் பின்பக்கம் அமர்ந்து மூக்கு நிமிரும். கிட்டத்துத் தெரு சாரதியின் கண்ணுக்கு மறையும். விளக்கு எதிரே வருகிறவரின் முகத்தில் அடிக்கும். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் அழகுக்காக முன்னைத் தூக்கிப் பின்னைப் பதித்து ஓடும் பழக்கம் ஒன்று பரவியது. அதை வட கரோலைனா 2021இலும், வர்ஜீனியா 2022இலும், தென் கரோலைனா 2023இலும் சட்டம் போட்டுத் தடுத்தன. வட கரோலைனாச் சட்டம் முன் மட்காட் பின் மட்காட்டைவிட நான்கு அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்து நிற்பதைக் கணக்கில் எடுக்கிறது. உங்கள் நோக்கம் அதுவல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் மட்டம் செய்த றக்கில் முழுப்பாரம் ஏற்றினால் றக் நிற்கும் நிலை அந்தத் திசையில்தான் போகிறது.

ஆகவே என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிழமையில் பாதி நாளுக்கு மேல் பெட்டியில் பாரமோ பின்னால் ரெயிலரோ இருக்கிற றக்குக்கு லெவலிங் கிட் வேண்டாம். பனி வாரும் பிளேடு பூட்டுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிளேட்டின் பாரத்தில் முன்பக்கம் பதிகிறது, அதற்கு ஸ்பேசர் துண்டு போடுவோம் என்று நினைக்கிறீர்கள். ஸ்பேசர் உயரத்தைக் கூட்டும். ஸ்பிறிங் தாங்கும் பாரத்தை ஓர் இறாத்தல்கூடக் கூட்டாது. முன் அச்சின் எல்லை முன்பு எவ்வளவோ அவ்வளவுதான். பிளேடு செய்த நிறுவனம் தன் சட்டகம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்று கையேட்டில் கொடுத்திருக்கும். றக்கைத் தூக்கினால் அந்தக் கணக்கும் குழம்பி, பிளேடு தெருவைச் சரியாகச் சுரண்டாது. பனி வாருவதற்கென்றே பலமான முன் ஸ்பிறிங்கோடு தொழிற்சாலையிலிருந்து வரும் றக்குகள் இருக்கின்றன. அடுத்த வாகனம் வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலும் வெறுமையாக ஓடுகிறது, சற்றுப் பெரிய ரயர் போட வேண்டும், கொட்டேஜ் பாதையில் மூக்கு இடிக்கிறது என்கிறவர்கள் போடலாம். அதிலும் முழு மட்டத்துக்குப் போகாதீர்கள். முன்பின் வித்தியாசம் இரண்டு அங்குலம் என்றால் ஒன்றரை தூக்குங்கள். பின்னுக்கு அரை அங்குலமாவது உயரம் மிஞ்சட்டும். அந்த வித்தியாசத்தை அறிய, சமதரையில் நிறுத்தி, சில்லின் நடு மையத்திலிருந்து மேலே மட்காட் விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளவுநாடாவால் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் ரயர்க் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். இடமும் வலமும் கால் அங்குலம் வேறுபட்டால் பயப்பட வேண்டியதில்லை. அதைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

இனிக் கிட் வகைகள். விளம்பரத்தில் எல்லாமே ஒன்று போலத் தெரியும். வேலை செய்யும் விதம் வேறு. இன்றைய அரைத் தொன் றக்குகளில் முன் சில்லுக்குச் சில்லு ஒரு ஸ்றட் இருக்கிறது: ஷொக்கும் சுருள் ஸ்பிறிங்கும் ஒன்றாகப் பொருந்திய தூண். மலிவான கிட் அந்தத் தூணின் தலைக்கும் சட்டகத்துக்கும் நடுவில் ஓர் அலுமினியத் துண்டையோ இரும்புத் துண்டையோ வைக்கிறது. ஸ்றட்டின் கால், சில்லைத் தாங்கும் கீழ்க் கையில் சில்லுக்கு உள்ளே தள்ளிப் பூட்டியிருப்பதால், மேலே வைக்கும் ஒரு அங்குலத் துண்டு சில்லில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை உயர்த்தும். இரண்டு அங்குலக் கிட்டைப் பிரித்து "ஒரு அங்குலத் துண்டைத் தந்து ஏமாத்திப்போட்டாங்கள்" என்று கோபப்படுகிறவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கிறேன். அதை நம்பி இன்னும் தடித்த துண்டு தேடிப் போகாதீர்கள்.

இந்த மேல்துண்டில் உள்ள சிக்கல் றக் நிற்கும்போது தெரியாது. சில்லு ஒரு குழியில் விழுந்து முழுவதும் கீழே தொங்கும் நொடியில்தான் தெரியும். ஸ்றட் முழுவதும் நீண்டதும் நின்றுவிட வேண்டும். அதுவே தொழிற்சாலை வைத்த கடைசி எல்லை. முழுத் தூணையும் நீங்கள் கீழே தள்ளிவிட்டதால் சில்லு அந்த எல்லையைத் தாண்டித் தொங்கும். மேல் கையின் போல் ஜொயின்ற் தனக்கு உரியதற்கு மேல் திரும்பும். நாலு சில்லு இழுவை றக்கில் முன் அச்சுத் தண்டின் சீவீ மூட்டும் அதிகமாக மடியும். சில றக்குகளில் மேல் கை சுருள் ஸ்பிறிங்கில் போய் முட்டும். சீவீ மூட்டின் ரப்பர் உறை கிழிந்து கிறீஸ் சில்லின் உட்பக்கமெல்லாம் சிதறியிருந்தால், கிழிந்த உறைக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கோணம்தான் இருக்கிறது.

இன்னொரு வகை, துண்டை ஸ்றட்டின் உள்ளே, ஸ்பிறிங்கின் தலைக்கு மேல் வைக்கிறது. தூணின் நீளம் மாறாததால் கீழே தொங்கும் எல்லை பழையபடியே நிற்கும். மூட்டுகளுக்கு அது நல்லது. ஆனால் நிற்கும் உயரம் கூடிவிட்டதால் கீழே இறங்க மிஞ்சும் தூரம் குறைந்துவிடும். வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது "டங்" என்று ஒரு சத்தம் கேட்டால் ஸ்றட் தன் எல்லையில் போய் அடிக்கிறது என்று அறியுங்கள். சில்வராடோ 2500 போன்ற கனரக றக்குகளில் ரோர்ஷன் பார் என்னும் முறுக்குக் கம்பி இருக்கிறது. அதன் சாவியை முறுக்கினால் துண்டே வைக்காமல் உயரும், தொல்லை மட்டும் இதே வகை. ராம் 2500 போன்ற முழு அச்சு றக்கில் சுருளின் மேல் ஒரு துண்டு போதும். ஆனால் அச்சு சற்று ஒரு பக்கம் தள்ளும், அதைச் சரிசெய்ய வேண்டும்.

பணம் இருக்கிறவர்களுக்கு என் பரிந்துரை, உயரத்தை மாற்றவென்றே செய்த ஸ்றட். பில்ஸ்டைன் 5100 அதற்குத் தெரிந்த உதாரணம்: உடலில் வெட்டிய பள்ளங்களில் வளையத்தை மாற்றி வைத்து ஸ்பிறிங் அமரும் இடத்தை உயர்த்தலாம், ஷொக்கும் அந்த உயரத்துக்கு ஏற்றபடி வேலை செய்யும். துண்டைவிடப் பல மடங்கு விலைதான். பழைய ஸ்றட்டில் ஏற்கெனவே எண்ணெய் கசிகிறது என்றால் அதன் தலையில் துண்டு வைப்பது வீண் செலவு. இதற்கே காசைச் சேருங்கள்.

வீட்டுக் கராஜில் செய்யலாமா? மேல்துண்டு வகையை, கை பழகியவர் செய்யலாம். றக்கின் சட்டகத்தை இரண்டு ஜாக்கி ஸ்ராண்டில் நிறுத்துங்கள், பின் சில்லுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கீழே போகக்கூடாது. சமநிலைக் கம்பியின் இணைப்பை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டே தொடங்குங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் மற்றப் பக்கம் உங்களோடு மல்லுக்கு நிற்கும். பிறேக் குழாயையும் ஏபிஎஸ் வயரையும் பிடித்திருக்கும் கிளிப்பை முதலில் விடுவியுங்கள். மேல் போல் ஜொயின்றைக் கழற்றியதும் சில்லு பூட்டும் அந்தப் பெரிய வார்ப்புத் துண்டு வெளிப்பக்கமாகச் சாயும். ஒருவர் பிடித்துக்கொள்ளாவிட்டால் அதன் முழுப் பாரமும் பிறேக் குழாயில் தொங்கும், சீவீ அச்சும் உள்மூட்டிலிருந்து கழன்று வரப் பார்க்கும். கம்பியாலோ பட்டியாலோ கட்டி வையுங்கள். போல் ஜொயின்றைக் கவைக்கருவி அடித்துப் பிரிக்காதீர்கள், ரப்பர் கிழியும். அது பொருந்தியிருக்கும் வார்ப்பின் பக்கத்தில் சுத்தியலால் தட்டினால் விடும்.

உள்துண்டு வகை என்றால் ஸ்பிறிங்கை அழுத்திப் பிடித்து ஸ்றட்டைப் பிரிக்க வேண்டும். அதை வீட்டில் செய்யாதீர்கள். கடையில் வாடகைக்குக் கிடைக்கும் இரண்டு கொக்கிக் கருவியால் ஒரு பிக்கப்பின் ஸ்பிறிங்கை அழுத்துவது ஆளைக் கொல்லக்கூடிய வேலை. கொக்கி வழுக்கினால் விலகிக்கொள்ள நேரம் கிடைக்காது. ஸ்றட்டைக் கழற்றி, சுவரில் பொருத்திய அழுத்தி இருக்கும் ஒரு கராஜுக்குக் கொண்டுபோங்கள். சிறு கூலிக்குப் பிரித்துப் பூட்டித் தருவார்கள்.

பூட்டும்போது ரப்பர் புஷ் உள்ள கைகளின் போல்ட்டைச் சில்லு தொங்கும் நிலையில் இறுக்கிவிடாதீர்கள். றக்கை நிலத்தில் இறக்கி அதன் சொந்தப் பாரத்தில் நிற்கவைத்த பிறகே கடைசி இறுக்கம். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையில் நின்று சீக்கிரம் கிழியும். ஒவ்வொரு நட்டுக்கும் எவ்வளவு இறுக்கம் என்பதை உங்கள் றக்கின் திருத்தக் கையேட்டில் பார்த்து, ரோர்க் றெஞ்சால் இறுக்குங்கள். 800 கிலோமீற்றர் ஓடிய பின் எல்லாவற்றையும் இன்னொரு தடவை சரிபாருங்கள்.

வேலை முடிந்தது என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைத்தான் நான் அதிகம் காண்கிறேன். உயரம் மாறினால் சில்லுகளின் கோணமும் மாறும். முக்கியமாக, முன் சில்லுகள் ஒன்றையொன்று நோக்கும் கோணம் குலைந்து ரயரின் ஒரு விளிம்பு சில ஆயிரம் கிலோமீற்றரில் மொட்டையாகும். அன்றே, அல்லது மறுநாளே அலைன்மென்ற் செய்யுங்கள். அதற்கும் முதல் ஒன்று. கீழ்க் கையில் கோணம் திருத்தும் போல்ட்டுகள் சுழல்கின்றனவா என்று கிட் வாங்கும் முன்பே பாருங்கள். நம் ஊர்த் தெரு உப்பில் அந்தப் போல்ட் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு சேர்ந்து துருப்பிடித்துப் போயிருக்கும். அலைன்மென்ற் கடைக்காரர் கையை விரித்தால் வெட்டி எடுத்துப் புதிது போட வேண்டிவரும். கிட்டின் விலையைவிட அந்தச் செலவு கூடலாம்.

அடுத்து விளக்கு. இந்த மடலில் ஒன்றை மட்டும் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். நான்கு கதவு எஃப்-150 ஒன்றின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 145 அங்குலம். முன்னை இரண்டு அங்குலம் தூக்கினால் றக்கின் உடல் ஏறக்குறைய 0.8 பாகை பின்னுக்குச் சாயும். 25 அடி தள்ளி உள்ள சுவரில் விளக்கின் வெளிச்சக் கோடு அந்தச் சாய்வால் மட்டும் நாலு அங்குலம் ஏறும். நூறு மீற்றரில் அதே சாய்வு 1.3 மீற்றருக்கு மேல் போகிறது. தாழ் ஒளி தெருவைப் பார்த்துச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். இப்போது அது எதிரே வரும் கொரோலாச் சாரதியின் கண்ணில் நிற்கிறது. இரவில் 401 நெடுஞ்சாலையில் போகும்போது பின்னால் ஒரு பிக்கப் வந்து உங்கள் கண்ணாடி முழுவதும் வெள்ளையாகியிருக்கும். எங்களை எத்தனை பேர் அதற்காகத் திட்டியிருப்பார்கள்.

திருத்துவது சுலபம், காசும் இல்லை. கிட் போடும் முன், சமதரையில் 25 அடி தள்ளிச் சுவரைப் பார்த்து நிறுத்துங்கள். விளக்கின் மையம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், சுவரில் தாழ் ஒளியின் மேல்கோடு எவ்வளவு உயரம் என்று இரண்டையும் குறியுங்கள். வித்தியாசம் எத்தனை அங்குலம் என்று எழுதி வையுங்கள். போட்ட பின் அதே இடத்தில், அதே அளவு எரிபொருளோடும் ரயர்க் காற்றோடும் நிறுத்தி, விளக்கின் புது உயரத்தை அளந்து, அந்தப் பழைய வித்தியாசம் மறுபடி வரும்வரை விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்புங்கள். கண்ணாடிக்குள் கமராவும் முன்னே ரேடாரும் உள்ள புது றக்குகளில் அவையும் உடலோடு சேர்ந்து சாய்ந்துவிடும். தடம் காக்கும் உதவியையும் தானியங்கி பிறேக்கையும் நம்பி ஓடுகிறவர்கள் அவற்றை மறுபடி அளவீடு செய்விக்க வேண்டும்.

மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் 2023 நவம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூக்கின் உயரம் 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வாகனம் பாதசாரியை மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவோ உயரமும் சரிந்த முகமும் உள்ள வாகனத்தைவிட அவர் இறக்கும் சாத்தியம் ஏறக்குறைய 45 வீதம் கூடுதல் என்று அது கண்டது. முழு அளவு பிக்கப்புகள் கடையிலிருந்து வரும்போதே அந்த 40 அங்குலத்துக்குக் கிட்டவோ மேலேயோ நிற்கின்றன. லெவலிங் கிட்டால் மூக்கு உங்கள் கண்ணைவிடக் கூடுதலாக உயரும். முன்னால் மறைந்து கிடக்கும் நிலம் இன்னும் நீளும். மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் நாங்கள் இருக்கிற தெருக்களில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள். போட்ட பின் ஒரு வாளியை முன் பம்பரிலிருந்து தள்ளித் தள்ளி வைத்து, சாரதி இருக்கையிலிருந்து அது எங்கே தெரியத் தொடங்குகிறது என்று பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளை எவ்வளவு உயரம் என்பது உங்களுக்குத் தெரியும்.

ரயரைப் பற்றிச் சுருக்கமாக. 275/65ஆர்18 போட்டிருந்த றக்கில் 275/70ஆர்18 போட்டால் சில்லு 32 அங்குலத்திலிருந்து 33 அங்குலத்துக்குச் சற்று மேல் போகும். வேகமானி 100 என்று காட்டும்போது நீங்கள் 103க்கு மேல் ஓடுவீர்கள். ஸ்ரியரிங்கை முழுவதும் திருப்பி, பின்னுக்கு எடுத்து, எங்கேயும் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

உத்தரவாதம் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. "வெளிச் சாமான் போட்டதுக்காகக் கொம்பனி உத்தரவாதத்தை மறுக்க ஏலாது" என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது அமெரிக்காவில் 1975இல் வந்த மேக்னசன்-மொஸ் சட்டத்தை. அது கனடாவில் செல்லாது. அங்கேகூட, அந்தச் சாமான்தான் சேதத்துக்குக் காரணம் என்று நிறுவினால் கொம்பனி மறுக்கலாம். உத்தரவாதம் மிச்சமிருக்கும் றக் என்றால் வாங்கிய இடத்தில் எழுத்தில் கேளுங்கள். காப்புறுதி முகவருக்கும் மின்னஞ்சலில் அறிவித்து, வந்த பதிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

பழைய றக் வாங்கியவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்னைய உரிமையாளர் துண்டு வைத்தது உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். வெறும் றக் முன்பின் ஒரே மட்டத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள். முன் சில்லுக்குள் ரோர்ச் அடித்து ஸ்றட்டின் தலையைப் பாருங்கள். தலைக்கும் சட்டகத்துக்கும் நடுவில் தடித்த துண்டு தெரிந்தால் அதுதான். சீவீ உறைகளைக் கையால் தடவுங்கள், போல் ஜொயின்ற் ஆடுகிறதா பாருங்கள், அன்றிரவே விளக்கைச் சுவரில் சரிபாருங்கள்.

கிட்டுக்கென்று சேர்த்திருக்கும் காசில் அலைன்மென்றுக்கு உரியதை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்துக்கு என்ன கிடைக்கும் என்று தேடுங்கள். ஏற்கெனவே போட்டவர்கள் இந்தச் சனிக்கிழமை ஒரு சுவரின் முன் றக்கை நிறுத்தி விளக்கை இறக்குங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு வாகனத் திருத்துநர்